நடுவட்டத்தில் ஓர் இடைவேளை

எங்கள் கால்பந்து கிளப் பந்துக்காகத் தொடங்கியதல்ல. திருவாரூர்ப் பக்கம் விவசாயத் தொழிலாளர்கள் கூலி கேட்டுச் சங்கம் கட்டிய காலத்தில் கூட்டம் போடத் தடை இருந்தது. பந்து விளையாடத் தடை இல்லை. அறுவடை முடிந்த வயலில் மூங்கில் நட்டு விளையாடினார்கள். இடைவேளையில் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஆட்டக்களத்தின் நடுவட்டத்தில் போய் உட்காருவார்கள். அங்கே நின்று சங்கத்துக்காகப் பேசியவர் என் அப்பா. காவலுக்கு வந்த போலீஸ் யார் ஜெயிக்கிறார்கள் என்று கேட்டுவிட்டுப் போய்விடுமாம்.

தடை போயிற்று, அப்பாவும் போய்விட்டார், வழக்கம் மட்டும் போகவில்லை. வளைகுடா போய்வந்த கடைத்தெருக்காரர்கள் பணம் போட்டதில், இப்போது சம்பளத்துக்கு ஆடுகிற கிளப் இது; மணிப்பூரிலிருந்தெல்லாம் ஆட்டக்காரர்கள் வருகிறார்கள். ஆனாலும் இடைவேளை விசில் ஊதினால் ஊர் எழுந்து புல்லுக்குள் நடக்கும். பேச ஆள் கிடையாது. சும்மா உட்கார்ந்து சுண்டல் தின்றுவிட்டு வரும். போட்டிகளை நடத்துகிற லீக்காரர்களுக்கு இதெல்லாம் புரியுமா? இன்னொரு முறை வெளியாட்கள் உள்ளே வந்தால் எங்கள் ஆட்டங்களைச் சென்னைக்கு மாற்றிவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள்.

மைதானத்தில் மைக் பிடிப்பவன் நான். ஊரைத் தடுக்கிற வேலையைக் கிளப்பில் என் தலையில் கட்டினார்கள். முதல் பாதி முழுக்க ஆட்டத்தில் கவனமே இல்லை. நாங்கள் போட்ட கோலை எதிரணிக்காரர் பெயரில் அறிவித்து வசவு வாங்கினேன். கண்ணெல்லாம் கோட்டோரத்தில் சுண்டல் பொட்டலத்தோடு இருந்த அம்மாவின் மேல்தான். அவர் காலெடுத்து வைத்தால் ஊரே பின்னால் வரும்.

இடைவேளை விசில் ஊதினார்கள். எல்லாரும் எழுந்தார்கள்.

"கோட்டுக்கு அந்தப் பக்கமே இருங்க. உள்ள வந்தா நம்ம கிளப்பச் சென்னைக்குத் தூக்கிட்டுப் போயிடுவாங்க" என்று கெஞ்சினேன். கம்பியில்லாத மைக். நடந்துகொண்டே நாலு பக்கமும் திரும்பித் திரும்பிப் பேசினேன். வயல், மூங்கில், அப்பா என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். என்ன ஆச்சரியம், கூட்டம் கோட்டோரத்திலேயே நின்று, அப்படியே உட்கார்ந்து கேட்டது.

அப்போது லீக் அதிகாரி என்னை நோக்கி ஓடி வந்தார். அம்மா முந்திக்கொண்டார்.

"டேய், நாங்க எல்லாம் வெளியதான் இருக்கோம். உள்ள நிக்கிறது நீதான்."

கீழே பார்த்தேன். நடுவட்டத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

லீக்காரர்கள் கொஞ்சம் இரக்கம் காட்டினார்கள். ஆட்டங்கள் ஊரிலேயே நடக்கின்றன. ஊர் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து சுண்டல் தின்கிறது. மைதானத்துக்குள் நுழைய இந்த சீசன் முழுக்க எனக்கு மட்டும் தடை. அம்மா பொட்டலம் கட்டிக்கொண்டு கிளம்பும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. போன ஆட்டத்தன்று வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே கேட்டார்:

"ஒங்க அப்பாவுக்குத் தடை போட்டப்ப அவரு பந்து வெளையாடப் போனாரு. நீ என்ன பண்ணப் போற?"