சுன்னிவா கழற்றாத பனியுடை

மதிப்பெண்ணுக்காக அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பற்றி எழுதிக் கொடுத்தாள் என்று யார் சொன்னாலும் அது பொய். ஆயிரம் பேர் சொன்னாலும் பொய்தான். இங்குன் பதினெட்டு வருஷமாக இந்த வட நார்வே ஊரின் மழலையர் பள்ளியில் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிட்டவள். நாற்பத்தாறு வயதில் குழந்தைகள் நலம் பற்றிய முதுகலைப் படிப்பில் இணையவழியாகச் சேர்ந்தாள். குற்றம் என்றால் அது ஒன்றுதான். அன்றிலிருந்து, பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்துக் கொண்டுபோகும் அதிகாரிகளின் ஆள் என்று தெருவே அவளைக் கண்டு பயந்தது. அந்த ஊர் வழக்கப்படி மதியத் தூக்கத்துக்கு வாசல் குளிரில் நிற்கும் குழந்தை வண்டிகள், அவள் தலை தெரிந்ததும் உள்ளே போயின.

"வாங்க, அதிகாரியம்மா! எம்பொண்ணையும் எழுதியாச்சா?" என்று கடையில் குத்தினாள் அடுத்த வீட்டுத் தூர்டிஸ்.

"உம்பொண்ண எழுத ஒரு நோட்டு பத்தாதுடி" என்றாள் இங்குன். சிரிப்பு மட்டும் வரவில்லை.

தூர்டிஸின் ஐந்து வயது மகள் சுன்னிவா மூன்று வாரமாகப் பள்ளிக்குள் பனியுடையைக் கழற்றவேயில்லை. ஜிப் கழுத்துவரை. காலில் பூட்ஸ். முகமெல்லாம் வியர்வை. பிள்ளைப் பிடிவாதம் என்றே இங்குன் நினைத்தாள். முதுகலை வகுப்பில், பார்த்த ஒரு குழந்தையைப் பற்றி எழுதச் சொன்னபோது, பெயரை மாற்றி இதை எழுதித் திரையில் வாசித்தாள்.

வகுப்பெடுத்த ஆசிரியை போர்கில்ட் இடைமறித்தாள். "இது வீட்டுப்பாடம் இல்ல, இங்குன். இத இன்னும் யார்கிட்டயும் சொல்லலையா?"

திரையில் உடன் படிப்பவர்களின் பன்னிரண்டு முகங்கள். அவற்றில் ஒருத்தி பக்கத்து ஊர்க்காரி. மதிப்பெண்ணுக்கு எழுதினாள் என்ற ஊர்ப்பேச்சு அங்கிருந்துதான் கசிந்தது.

மறுநாள் இங்குன் மண்டியிட்டுக் கேட்டாள். "புழுக்கமா இல்லையா, கண்ணு?"

"அப்புறம் பூட்ஸ் போட நேரம் இருக்காதுல்ல."

"எப்போ?"

"அப்பா கத்துறப்ப. ஓடணும்ல."

இங்குன் வீடு திரும்பியும் அதையே யோசித்தாள். குழந்தைகள் நல அலுவலகத்துக்கு எழுதினால் அடியில் தன் பெயர் இருக்கும். பள்ளிக்காரர்கள் பெயரை மறைக்க முடியாது. சுன்னிவாவின் அப்பா ஆர்வித் பக்கத்து முற்றத்தில் விறகு பிளந்தான். ஒவ்வொரு வெட்டும் இவள் சமையலறையில் கேட்டது. நினைத்தது தவறாக இருந்தால் ஒரு குடும்பமே உடையும். சரியாக இருந்தால்?

"ஈஸ்டர் லீவு போகட்டுமே, எல்லாரும் மலைக்குப் போற நேரம்" என்றாள், இங்குன் போய்ச் சொன்னபோது, மழலையர் பள்ளியின் தலைமை ஆசிரியை.

அந்த வார்த்தைதான் அவளை உலுக்கியது. மலை மேல் மரக்குடிசை, பத்து நாள், சுற்றிலும் பனி. அங்கே அந்தக் குழந்தை யார் வீட்டுக்கு ஓடும்?

மறுநாள் காலையில் கடிதத்தை எழுதி முடித்தாள். அலுவலகம் அன்று மதியத்தோடு விடுமுறைக்கு மூடிவிடும். கையில் கொடுத்தால்தான் இன்றே படிப்பார்கள். கதவைத் திறந்தாள். ஆர்வித் கார்மேல் பனிச்சறுக்குப் பலகைகளைக் கட்டிக்கொண்டிருந்தான்.

"எங்க கிளம்பிட்ட, இங்குன்?"

பின் இருக்கையில் சுன்னிவா. ஜிப் கழுத்துவரை.

"அலுவலகத்துக்கு" என்றாள். கயிற்றை இழுத்த அவன் கை நின்றது. அவனைத் தாண்டி அவள் நடந்தாள்.