நல்ல மூடைக்குள் போன படம்

என்னிடம் இருந்த பங்க் இசைச் சாமான்கள் எல்லாம் ஒரு சொப்பிங் பைக்குள் அடங்கிவிடும். சில பேட்ஜுகள், போட்டோகொப்பி அடித்து நடுவில் பின் குத்திய சின்னப் புத்தகங்கள், முறிந்த டிரம் குச்சியின் ஒரு பாதி. எல்லாம் அறுகம்பேக் கடற்கரையில் கிடைத்தவை. நோன்புப் பெருநாளுக்கு மறுநாள் குடும்பத்தோடு வேனில் போயிருந்தோம். பெரியவர்கள் மரநிழலில் புரியாணிச் சட்டியைத் திறந்துகொண்டிருந்த நேரம், பக்கத்து கெஸ்ட் ஹவுஸ் முற்றத்தில் வெளிநாட்டுப் பெண்கள் சிலர் கிட்டாரும் டிரம்மும் வாசிக்கத் தொடங்கினார்கள். பாடினார்கள் என்று சொல்ல முடியாது, கத்தினார்கள். எனக்கு அந்தக் கத்தல் புதிதல்ல. முக்காட்டுக்குள் இயர்போனை ஒளித்துக்கொண்டு வருடக்கணக்கில் நான் கேட்டுவந்தது அதைத்தான். என் உடம்பு என்னுடையது, இந்த ரோட்டில் எனக்கும் பங்குண்டு, தள்ளி நில். அந்தப் பாட்டுகளில் பாதிக்கு மேல் சொல்வது இவ்வளவுதான். அதைச் சொல்ல அவ்வளவு சத்தம் வேண்டியிருக்கிறது.

வேலியோரம் நின்று வரிக்கு வரி வாயசைத்த என்னை, மொட்டையடித்த டிரம்காரி கண்டுவிட்டாள். மைக் என் கைக்கு வந்தது. எடுத்த உடனே படத்தை வெளியே தள்ளும் கமராவால் ஒருத்தி என்னைப் பிடித்தாள். படத்தில் என் முக்காடு தோளில் கிடக்கிறது. வாய் குகை மாதிரித் திறந்திருக்கிறது. இரண்டு பக்கமும் நீச்சலுடையில் பெண்கள். உலகத்திலேயே ஒரே ஒரு பிரதி. அதன் பின்பக்கத்தில் என் முழுப்பெயரை நானே எழுதிவைத்தேன். அவ்வளவு பெருமை எனக்கு.

அடுத்த பெரும்போக அறுவடையோடு கெம்பஸுக்கு என் பெயர் வந்தது. கண்டிப் பக்கம், ஹொஸ்டல் வாழ்க்கை. வாப்பா பல நாள் யோசித்துத்தான் சம்மதித்தார். அதுவும் ஒரு நிபந்தனையோடு.

"ஒன்னப் பத்தி ஒரு கதை ஊருக்குள்ள வந்திச்செண்டா, அண்டைக்கே படிப்பு முடிஞ்சி. வெளங்கிச்சா மகள்?"

"ஓம் வாப்பா."

அதே நாட்களில்தான் ராத்தாவின் கலியாணத்துக்காக வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க ஆள் வந்தது. எங்கள் பக்கத்தில் வீடு மூத்த மகளுக்குப் போகும், மாப்பிள்ளை வந்து அதில் குடியிருப்பார். ஆகவே உம்மாவும் சாச்சிமாரும் அலுமாரிகளை ஒன்று விடாமல் கவிழ்த்துத் துடைக்கத் தொடங்கினார்கள். என் பையை எங்கே வைப்பது? வீட்டு ஹோலின் மூலையில் சாகாமத்து வயலிலிருந்து வந்த நெல் மூடைகள் அடுக்கியிருந்தன. அதில் ஒன்று மட்டும் தனியாகத் தெரிந்தது. சப்பி, பதர் இல்லாமல் தூற்றி, புதுச் சாக்கில் கட்டிய நல்ல நெல். விதைநெல்லாகத்தான் இருக்கும், அடுத்த விதைப்பு வரைக்கும் ஒருத்தரும் தொடமாட்டார்கள் என்று கணக்குப் போட்டேன். வாயைப் பிரித்து, பையை நெல்லுக்குள் ஆழமாகச் செருகி, கோணூசியால் முன்பு இருந்தது போலவே தைத்துவிட்டேன்.

ஒரு நாள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு டியூசன் கொடுத்துவிட்டு வந்தபோது அந்த மூலையில் ஒரு இடம் காலியாக இருந்தது. அந்த மூடையைக் காணவில்லை.

"பள்ளிவாசலால லேண்ட்மாஸ்டர் மெசின் வந்திச்சி, ஏழ எளியதுக்குக் குடுக்கிற ஸகாத் நெல்லு ஏத்த," என்றார் வாப்பா. "அல்லாக்குக் குடுக்கிறதுக்குச் சப்பியையா குடுக்கிற? கையால தடவிப் பாத்து, இரிக்கிறதுல நல்லதத்தான் குடுத்தன்."

உம்மா என் முகத்தைப் பார்த்தார். "என்ன புள்ள, பேயறைஞ்ச மாதிரி நிக்காய்?"

"காதுக்குள்ள கத்துறத்தக் கேட்டுக் கேட்டு மூள கலங்கிட்டும்மா இவளுக்கு," என்றாள் ராத்தா.

அந்த மூடை எந்த வீட்டுக்குப் போயிருக்கும் என்று யாரிடமும் கேட்க முடியாது. கேட்டால் ஏன் என்ற கேள்வி வரும். மூடையைப் பிரிப்பவர் பையைப் பிரிப்பார், பையைப் பிரித்தால் படம், படத்தைத் திருப்பினால் என் பெயர். சாப்பிடும்போதும் ஹொஸ்டலுக்கு உடுப்பு மடிக்கும்போதும் இதுவே மனதில் ஓடியது. கேற் திறக்கும் சத்தம் கேட்டால் கை நின்றுவிடும்.

வந்தவர் கடற்கரைப் பக்கத்து விதவைத் தாய் ஒருவர். நல்ல காலம், நான்தான் கேற்றைத் திறந்தேன். அதே சொப்பிங் பை அவர் கையில்.

"எங்கட சின்னவள்தான் பேரப் பாத்திட்டு ஒன்னத் தெரியும் எண்டாள்," என்று சிரித்தார். "நல்ல வேள புள்ள, நெல்லக் குத்தக் குடுக்க முன்னமே கண்டுட்டம். இந்த ஊசிப் பட்டனெல்லாம் மெசினுக்குள்ள போயிரிந்தா மில்லுக்காரன் எங்களக் குத்தியிரிப்பான்."

நானும் சிரித்தேன். பைக்குள் கையை விட்டுத் துழாவினேன். பேட்ஜ், புத்தகம், குச்சி. மறுபடியும் துழாவினேன்.

"ஒரு படம் இரிந்திச்சே மாமி?"

"அது என்ட மூத்தவன்ட கையில. ஆட்டோக் கண்ணாடிக்குப் பக்கத்துல சொருகி வச்சிட்டுத் திரியிறான் பைத்தியக்காரன். கேட்டா, இந்தப் புள்ளக்கி நல்ல குரலா இரிக்குமாம். நான் வாங்கித் தாறன், நீ பயப்பிடாத."

எங்கள் கல்முனையில் எத்தனை ஆட்டோ ஓடுகிறதென்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. அதன் பிறகு ஒவ்வொன்றின் கண்ணாடியையும் தேடிப் பார்த்தேன். சந்தை வாசலில், ஆஸ்பத்திரிச் சந்தியில், டியூசன் முடியும் நேரத்தில் பிள்ளைகளுக்காகக் காத்து நிற்கும் வரிசையில், எதிலோ ஒன்றில் நான் வாயைத் திறந்து கத்திக்கொண்டே போகிறேன். யார் யாரோ பின் சீட்டில் ஏறி என்னைப் பார்த்தபடி வீட்டுக்குப் போகிறார்கள். அந்தத் தாய் திரும்பி வரவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்த நேரம், ஒரு ஆட்டோ எங்கள் கேற்றடியில் நின்றது. வாப்பா இறங்கினார். நான் வாசலில் நின்று ஆட்டோவுக்குள் பார்த்தேன். கண்ணாடிக்குப் பக்கத்தில் எதுவும் இல்லை. ஓட்டிவந்தவனின் வெள்ளைச் சட்டைப் பைக்குள்ளிருந்து ஒரு படத்தின் மூலை எட்டிப் பார்த்தது. அவன் என்னைப் பார்த்தான். அந்த மூலையை ஒரு விரலால் மெல்ல உள்ளே தள்ளினான்.

வாப்பா காசை நீட்டினார்.

"வேணாம் மாமா. நம்மட ஆக்கள்தானே."

ஆட்டோ திரும்பிப் போனது. வாப்பா தொப்பியைக் கழற்றியபடி உள்ளே வந்து கதிரையில் சாய்ந்தார்.

"நல்ல பொடியன். பள்ளியடியில என்னக் கண்டுட்டு அவனாவே வந்து ஏத்தினான். நாளைக்கி அவன்ட உம்மா நம்மட வீட்டுக்கு வருவாவாம். ஒன்னப் பத்திக் கதைக்கணுமாம், கலியாணப் பேச்சாத்தான் இரிக்கும்."

"எனக்கி அடுத்த கிழம கெம்பஸ் தொடங்குது வாப்பா."

"ஓம் மகள்," என்றார் வாப்பா. "அதப் பத்தியுந்தான் கதைக்கணுமாம்."