அம்மன் பாதை என்று சொன்னவர்

எங்கள் தோட்டத்தின் மேற்பிரிவில் ஆண்டியப்பனைக் குறைகூறுவோர் இன்றும் இருக்கிறார்கள். அவருடைய வாயால்தான் பாதை போயிற்று என்பது அவர்களது கட்சி. அவர் என் அக்காவின் கணவர். நடந்தவை தொடர்பான கடிதங்கள் அனைத்தும் என்னிடம் உள்ளன. அவற்றை அருகில் வைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன். நினைவை மட்டும் நம்பி எழுதினால் கோபம் கலந்துவிடும்.

ஆண்டியப்பன் வட்டகொடை ஊருக்கு மேலே, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் பிறந்தவர். முதுகில் மருந்துக் கலனைச் சுமந்து தேயிலைக்கு மருந்தடித்தே வேலைக்காலத்தைக் கழித்தார். தகப்பனாருக்குப் பின் மாரியம்மன் கோயில் பூசையும் அவரிடம் வந்தது. மந்திரம் படித்தவர் அல்லர். விளக்கேற்றுவார், கற்பூரம் காட்டுவார், பங்குனித் திருவிழாவில் தேருக்கு முன்னால் நடப்பார். "அம்மனுக்கும் ஈ.பி.எஃப் இல்ல, பூசாரிக்கும் இல்ல. அதனாலதான் ரெண்டு பேரும் இன்னும் வேலையில இருக்கோம்" என்று ஓய்வுபெற்ற பிறகு சொல்லிச் சிரிப்பார்.

அந்தத் தேர் போகும் வழிதான் எங்களுடைய ஒரே வண்டிப்பாதை. லயத்து வாசலில் தொடங்கி, மூடப்பட்ட பழைய தேயிலைத் தொழிற்சாலையின் முற்றத்தைக் கடந்து, கீழே பிரதான வீதியைச் சேரும். தோட்ட நிர்வாகம் அதில் ஒரு கல்லைக்கூடப் போட்டதில்லை. ஒவ்வோர் ஆண்டும் திருவிழாவுக்கு முன்னர் எல்லா லயத்தாரும் மண்வெட்டியோடு இறங்கி, மழை அரித்த பள்ளங்களை நிரப்பித் தேருக்கு வழி செய்வோம். தேருக்காகச் செய்த வழியில் மற்ற நாட்களில் அரிசி வரும், சீமெந்து வரும், நோயாளி போவார்.

என் அக்கா அம்மாக்கண்ணுவுக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகியிருந்தன. வாரத்தில் இரண்டு நாட்கள் நுவரெலியா ஆஸ்பத்திரியில் இரத்தத்தைச் சுத்திகரிக்க வேண்டும். ஒரு தவணை தவறினாலும் கால்கள் வீங்கி மூச்சு இரைக்கத் தொடங்கிவிடும். தலவாக்கலையில் முச்சக்கர வண்டி ஓட்டும் ஸஃப்வான்தான் அவளை அழைத்துச் செல்வார். வண்டி லயத்து வாசலிலேயே வந்து நிற்கும்.

"பெரியம்மா, இந்த ஆட்டோவுல ஆம்புலன்ஸ்னு எழுதிடப் போறேன்."

"மொதல்ல கிழிஞ்ச சீட்ட மாத்துடா. எழுதுறத அப்புறம் பாத்துக்கலாம்."

ஏறும்போது இப்படி ஏதாவது ஒன்று அவர்களுக்குள் நடக்கும். அவள் சிரித்துக்கொண்டே போய், திரும்பும்போது பேச வலுவின்றிச் சாய்ந்து வருவாள்.

பழைய தொழிற்சாலையையும் அதைச் சுற்றியிருந்த தரிசு மலையையும் கைத்தொழில் பேட்டையாக்கப் போகிறார்கள் என்ற செய்தி அந்தக் காலத்தில்தான் வந்தது. மரக்கறி பதனிடும் கம்பனியொன்று வருவதாகவும், லொறிகள் ஏறுவதற்காகப் பிரதேச சபை பாதையை அகலமாக்கித் தார் இட்டுக் காபட் போடப்போவதாகவும் சொன்னார்கள். எங்கள் கீழ்ப்பிரிவைச் சேர்ந்த இளைஞர் நிரஞ்சன் அப்போது சபை உறுப்பினர். அவர் கோயிலடியில் கூட்டம் கூட்டி, பாதை வந்தால் பிள்ளைகளுக்கு வேலை வரும், வாசலுக்கு பஸ் வரும் என்றார். நாங்கள் மகிழ்ந்தோம். பாதையோரத்தில் இருந்த எங்கள் வேலிகளை நாங்களே பிடுங்கிக் கொடுத்தோம்.

அளவெடுக்க வந்த நாளில் சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர், தொழிற்சாலை முற்றத்தின் குறுக்கே செல்லும் பகுதியைக் காட்டி, அது யாருடைய பாதை என்று சிங்களத்தில் கேட்டார். கூடியிருந்தவர்கள் பூசாரியைப் பார்த்தார்கள்.

"இது அம்மன் பாதைங்க. தேர் போற வழி. வேற யாருக்கும் சொந்தமில்ல" என்றார் ஆண்டியப்பன். அதையே சிங்களத்திலும் சொன்னார். உத்தியோகத்தர் தலையசைத்து எழுதிக்கொண்டார்.

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பதை வெளியார் விளங்கிக்கொள்வது கடினம். எங்களுக்கு முன்பொரு பாடம் கற்பிக்கப்பட்டிருந்தது. லயத்துக்குப் பின்னால் நாங்கள் தலைமுறையாகப் பயிரிட்ட மரக்கறிப் பாத்திகளை ஒரு காலத்தில் நிர்வாகம் அளக்க வந்தது. எங்களுடையவை என்று சொன்ன குடும்பங்களுக்கு அத்துமீறிக் குடியேறியோர் என்று அறிவித்தல் வந்தது. பாத்திகளைக் கிளறி மரக்கன்று நட்டார்கள். மூலையில் சூலம் ஊன்றியிருந்த ஒரு பாத்தியை மட்டும் தொடவில்லை. அன்றிலிருந்து காப்பாற்ற வேண்டிய எதையும் எங்களுடையது என்று சொல்வதை விட்டுவிட்டோம். தண்ணீர்ப் பீலி அம்மனுடையது, ஆலமரத்தடி அம்மனுடையது, பாதையும் அம்மனுடையது. ஆண்டியப்பன் அன்று சொன்னது பக்தியால் அன்று, முன்யோசனையால்.

ஆனால் சபையின் விதி வேறாக இருந்தது. ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய நான் அதைப் பிறகுதான் வாசித்துத் தெரிந்துகொண்டேன். பொதுமக்கள் அன்றாடம் பயன்படுத்தும் பாதையென்று பதிவாகியிருந்தால், காணியைக் குத்தகைக்குக் கொடுக்கும்போது அதைத் திறந்துவைக்க வேண்டும், அல்லது மாற்றுப் பாதை தர வேண்டும். எங்கள் பாதை, ஆண்டுக்கொரு முறை சமய ஊர்வலம் செல்லும் வழி என்று பதிவாயிற்று. ஆட்சேபனை கோரும் அறிவித்தலைச் சபைக் கட்டடத்தின் பலகையில் ஒட்டினார்களாம். அதைப் பார்க்க மேற்பிரிவிலிருந்து எவரும் போகவில்லை. போகவேண்டும் என்று எங்களுக்கு எவரும் சொல்லவுமில்லை.

காபட் பாதை அழகாகவே வந்தது. பிரதான வீதியிலிருந்து வளைந்து ஏறி, கைத்தொழில் பேட்டையின் இரும்பு வாயிலில் முடிந்தது. வாயிலுக்கு இருபுறமும் முள்வேலி. வேலிக்கு மேலே எங்கள் லயம். சபைத் தவிசாளர் நாடா வெட்டிய அன்று எங்கள் பெண்கள் நிறைகுடம் வைத்து வரவேற்றார்கள். அடுத்த வாரம் ஸஃப்வானின் வண்டியை வாயிலில் நிறுத்தித் திருப்பி அனுப்பினார்கள்.

முதலில் இருந்த காவலாளி இரக்கமுள்ள மனிதர். அக்காவைக் கண்டால் மேலதிகாரி வருவதற்குள் போய்விடுமாறு சொல்லித் திறந்துவிடுவார். அது தெரிந்ததும் அவரை வேறிடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அதன்பின் எங்களுக்கு எஞ்சியது, தேயிலை மலைக்குள் செங்குத்தாக இறங்கும் பழைய கொழுந்துப் படிக்கட்டுத்தான். பிளாஸ்டிக் கதிரையொன்றின் இருபுறமும் மூங்கில் கம்பு கட்டி, அக்காவை அதில் இருத்தி நால்வர் தூக்கினோம். இளைஞர்கள் கொழும்புக் கடைகளில் இருந்தார்கள். மற்றவர்கள் காலையில் வேலைக்குப் பெயர் பதியும் பெரட்டுக்குப் போகவேண்டும். தூக்குவதற்கு எஞ்சியவர்கள் ஆண்டியப்பனும் நானும் எங்களைப் போன்ற கிழவர்களுமே. கீழே ஸஃப்வான் வண்டியோடு காத்திருப்பார்; பாதி மலைக்கு ஏறி வந்து தாமும் தோள் கொடுப்பார்.

ஆண்டியப்பனும் நானும் சபைக்குப் போனோம். நிரஞ்சன் எங்களை வாசலிலேயே சந்தித்தார்.

"மாமா, நானும் பக்கத்துலதானே நின்னேன். அவரு கேட்டாரு, நீங்க சொன்னீங்க, எழுதிக்கிட்டாரு."

"அப்ப இப்ப மாத்திச் சொல்றேன். எழுதிக்கச் சொல்லுங்க."

"காணிய முப்பது வருசத்துக்குக் குடுத்தாச்சு மாமா. இனி மாத்துறதுன்னா சபையில தீர்மானம் வேணும், கம்பனி சம்மதிக்கணும்."

"தீர்மானம் போடத்தானே தம்பி ஒங்கள அனுப்பினோம்?"

நிரஞ்சன் தொலைபேசி வந்ததுபோல் உள்ளே போனார். பிரதேச செயலாளருக்கும் மாகாண அலுவலகத்துக்கும் நான் எழுதிய கடிதங்களுக்கு, கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளதாகப் பதில் வந்தது. கம்பனி மட்டும் தெளிவாக எழுதியது: சமய உணர்வுகளை மதித்து, திருவிழா நாளன்று தேருக்காக வாயில் திறக்கப்படும்.

ஆடி மழையில் ஒரு காலை, படிக்கட்டில் முன்கம்பு பிடித்த சின்னராசா வழுக்கி விழுந்தார். அவர் அடுத்த லயத்துக்காரர். எங்களுக்கு உறவுகூட இல்லை. கதிரை சரிந்து அக்கா தேயிலைச் செடியில் சாய்ந்தாள். அவளுக்குக் கீறல் மட்டுமே. சின்னராசாவின் கணுக்கால் முறிந்துவிட்டது. ஸஃப்வானின் வண்டியில் அன்று அவரே ஆஸ்பத்திரிக்குப் போனார். அக்காவை மறுபடி மேலே தூக்கி வந்தோம்.

அடுத்த தவணை நாளில் கதிரையைக் கொண்டுபோய் வைத்தபோது அவள் எழுந்திருக்கவில்லை.

"நான் போகல தம்பி. என்னைத் தூக்கிப் போயி இன்னொருத்தன் கால ஒடிக்கிறதுக்கா?"

நான் வற்புறுத்தினேன். ஆண்டியப்பன் கதவுநிலையைப் பிடித்தபடி நின்றார்.

"நான் அன்னைக்கி வாய மூடிக்கிட்டு இருந்திருக்கணும்" என்றார்.

"நீங்க மூடியிருந்தா வேற எவனாச்சும் அதையேதான் சொல்லியிருப்பான். நம்ம சனத்துக்கு வேற என்ன சொல்லத் தெரியும்?" என்றாள் அக்கா. பிறகு அடுப்பில் தண்ணீர் கொதிப்பதைப் பார்க்கச் சொன்னாள்.

நுவரெலியாவில் அறை எடுத்துத் தங்கவைக்க முயன்றோம், அவள் இணங்கவில்லை. ஸஃப்வான் ஒவ்வொரு தவணை நாளிலும் கீழே வந்து நின்று, பிறகு நடந்தே ஏறி வந்து, வாசலில் அமர்ந்து பேசிவிட்டுப் போனார். அந்த மாதம் முடிவதற்குள் அவள் இறந்தாள். உடலையும் படிக்கட்டு வழியாகவே மயானத்துக்கு இறக்கினோம்.

வீட்டில் துக்கம் இருந்ததால் அடுத்து வந்த திருவிழாவை ஆண்டியப்பனின் சித்தப்பா மகன் நடத்தினார். தேர் வந்ததும் வாயில் திறந்தது. கம்பனி மேலாளர் மாலை போட்டார், புகைப்படம் எடுத்தார்கள். தேருக்குப் பின்னால் நடந்த காட்சியைப் புகைப்படக்காரர் எடுக்கவில்லை. சீமெந்துப் பொதி, இரும்பு அலுமாரி, கேஸ் சிலிண்டர், கூரைத்தகடு, படுக்கையில் கிடந்த முதியவர்கள் என, ஓர் ஆண்டாக ஏற்றவும் இறக்கவும் முடியாதிருந்த அனைத்தும் அம்மனின் பின்னால் வரிசையாகப் போயின. பொழுது சாய்வதற்குள் தேர் திரும்பியது; வாயில் மூடியது.

மறு ஆண்டு ஆண்டியப்பனே கையில் காப்புக் கட்டிக்கொண்டார். தேர் வாயிலின் நடுவே வந்தபோது கைகாட்டி நிறுத்தினார். சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தார். பூசாரி கட்டையை எடுக்காமல் தேரை நகர்த்தக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அதை மீற எவரும் துணியமாட்டார்கள். மேலாளர் வந்து, ஏதாவது பழுதா என்று கேட்டார்.

"பழுது ஒன்னுமில்லைங்க. அம்மா இங்கேயே இருக்கேங்குறா. இந்தக் கேட்ட நீங்க மூடுறதுன்னா மூடிக்குங்க."

எங்கள் ஆட்கள் சிலர் சிரித்தார்கள். மேலாளர் சிரிக்கவில்லை. தேர் இரவும் அங்கேயே நின்றது, மறுநாளும் நின்றது. உள்ளே வந்த லொறிகள் வெளியேற முடியவில்லை. கோவா முதலிய மரக்கறி மூட்டைகள் வாடின. லயத்து வண்டிகள் மட்டும் தேரின் ஓரமாக நெருக்கிப் போய் வந்தன. மூன்றாம் நாள் பொலிஸார் வந்தார்கள். அவர்களில் எவரும் தேரைத் தொடவில்லை. ஆண்டியப்பனைத்தான் அழைத்துப் போனார்கள். பூசாரி இல்லாத தேரை அப்படியே விடுவதா, இழுப்பதா என்று எங்கள் ஆட்களே தங்களுக்குள் வாதிட்டார்கள். கடைசியில் அவருடைய சித்தப்பா மகன் அழுதபடி கட்டையை எடுத்தார்.

வழக்கு நீதவான் நீதிமன்றத்துக்கு வந்தது. குற்றச்சாட்டின் தமிழ்ப் பிரதியை வாங்கி நான்தான் அவருக்கு வாசித்துக் காட்டினேன். பொதுப் பாதையொன்றில் போக்குவரத்துக்குத் தடை ஏற்படுத்தியமை என்று அதில் இருந்தது. ஆண்டியப்பன் என்னை நிறுத்தி, அந்த வரியை மீண்டும் வாசிக்கச் சொன்னார். எங்கள் சட்டத்தரணி, தனியார் காணிக்குள் நடந்ததால் குற்றச்சாட்டே பிழை என்று வாதிடலாம், விடுதலை நிச்சயம் என்றார். ஆண்டியப்பன் மறுத்துவிட்டார்.

கூண்டில் நின்று, நீதவான் கேட்டபோது சொன்னார்: "பொதுப் பாதைய மறிச்சது நான்தானுங்க. ஒப்புக்கிறேன். பொதுப் பாதைன்னு எழுதிக்கச் சொல்லுங்க."

மொழிபெயர்ப்பாளர் இதில் குற்றத்தை ஒப்புக்கொள்வதை மட்டும் சிங்களத்தில் சொன்னார். தண்டப்பணம் விதிக்கப்பட்டது. அதை லயத்தார் சேர்ந்து கட்டினார்கள். அவரைக் குறைகூறியவர்களும் கொடுத்தார்கள் என்பதை இங்கே குறிப்பிடுவது நியாயம்.

தீர்ப்பின் அத்தாட்சிப் பிரதியை இணைத்து, பாதைப் பதிவைத் திருத்தக் கோரி நான் சபைக்கு விண்ணப்பித்தேன். பொலிஸ் வழக்கொன்றில் பயன்படுத்தப்பட்ட சொல்லை வீதியின் தன்மைக்குச் சான்றாக ஏற்க இயலாது என்று பதில் வந்தது. கம்பனியும் ஒரு கடிதம் அனுப்பியது. கடந்த ஆண்டு ஏற்பட்ட இடையூறு காரணமாக, இனித் திருவிழா நாளிலும் வாயில் திறக்கப்படமாட்டாது. இந்தப் பங்குனியில் தேர் லயத்து முற்றத்தைச் சுற்றிவிட்டுக் கோயிலுக்குத் திரும்பியது. அன்று மாலை சிலர் ஆண்டியப்பனோடு பேசவில்லை.

போன வாரம் வினோதாவுக்குப் பிரசவ வலி கண்டது. விடியற்காலையில் நல்ல மழை. சின்னராசாவின் மருமகள் அவள். அன்று முறிந்த கால் சரிவரச் சேராததால் அவரால் தூக்க முடியாது. ஆண்டியப்பனுக்கு வயது அறுபத்தேழு. அவர் வந்து, சாக்கைத் தலைக்குப் போட்டுக்கொண்டு, முன்கம்பைத் தோளில் ஏற்றினார். நாங்கள் படிக்கட்டில் இறங்கத் தொடங்கினோம்.