ஒரு சீர் குறைந்த தாலாட்டு

விளக்கெண்ணெயும் பால்வாடையும் கலந்த வாசனை ஆலமரத்தில் கட்டிய தூளித்துணியிலிருந்து வந்துகொண்டிருக்க, அதன் பக்கத்தில் சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு அம்மாவின் தாலாட்டைச் சீர் பிரித்துக்கொண்டிருந்தேன். வெள்ளைக்காரன் ஆண்ட காலம். அம்பத்தூரில் நான் படித்த பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர், வீட்டில் கேட்கும் பாட்டு ஒன்றை எதுகை, மோனை பார்த்து எழுதிவரச் சொல்லியிருந்தார். எழுத்தே தெரியாத அம்மா, தானே கட்டி, கைக்குழந்தையான தம்பிக்குப் பாடிவந்த பாட்டு இது:

ஏரிக் கரையினிலே ஈரக்காத்து வீசையிலே
மாரி மழைபோல மடிக்கு வந்தவளே
ஆலங் கிளையினிலே ஆடுதுபார் உன்தூளி
பாலும் குடிச்சாச்சு கண்ணுறங்கு

ஏரிக்கு மாரி, ஆலுக்குப் பால் என்று எதுகை அழகாக விழுந்திருந்தது. முதல் மூன்று அடிகளிலும் நாலு நாலு சீர். ஒன்றாம் சீருக்கும் மூன்றாம் சீருக்கும் மோனை. கடைசி அடி மட்டும் நொண்டியது.

"அம்மா, உன் பாட்டு தப்பு. கடைசியில ஒரு சீர் குறையுது. மூணாவதா 'பா'ன்னு ஆரம்பிக்கிற வார்த்தை வரணும். தம்பி ஆம்பளப் புள்ள, அவனப் போயி வந்தவளேன்றியே!"

தூளியை ஆட்டிய கை நின்றது.

"பாக்கியமே," என்றாள் அம்மா, மெதுவாக. "அதான் அந்த வார்த்த. ஒனக்கு மின்ன பொறந்தவ. ரெண்டு வயசுல காய்ச்சல்ல பூட்டா. அவளுக்குக் கட்டுன பாட்டு கண்ணு இது. அந்த எடம் வந்தா தொண்ட அடைச்சிக்கும், தாண்டிகினு பூடுவேன்."

எனக்கு ஓர் அக்கா இருந்தாள் என்பதே பதினோரு வயதில்தான் தெரிந்தது. சிலேட்டில் 'பிழை' என்று எழுதியிருந்ததை உள்ளங்கையால் அழித்தேன். தம்பி சிணுங்கவே, அம்மா மறுபடி ஆட்டத் தொடங்கி, கடைசி அடியை முழுதாகப் பாடினாள். குரல் உடைந்தது, நிற்கவில்லை.

மறுநாள் டீச்சர், "கடைசி அடியில் ஒரு சீர் விட்டுப்போயிருக்கிறதே?" என்றார். எழுந்து நின்று, "விட்டுப்போகல டீச்சர், அங்க எங்க அக்கா இருக்கா," என்றேன். அவர் என் தலையைத் தொட்டுவிட்டுப் போனார்.

இன்று அந்த ஆலமரம் இருந்த இடத்தில் வரிசையாக வீடுகள். அம்மாவும் இல்லை, தம்பியும் இல்லை. அத்தனை சீரையும் எண்ணத் தெரிந்த எனக்கு, பாக்கியத்தின் முகம் யார் சாயல் என்று அம்மாவிடம் ஒருநாளும் கேட்கத் தோன்றியதில்லை. இனிச் சொல்ல ஆளில்லை.