கைப்பிடியில் ஒரு கூடுதல் வரி

பிறை நகரில் ஒரு தொழிற்சாலையில் மீட்புப் படையினருக்கான முதுகுப் பைகள் தைக்கிறேன். பையின் உச்சியில் இருக்கும் கைப்பிடி என் பொறுப்பு. சதுரமாகத் தைத்து, நடுவில் பெருக்கல் குறி போட்டால் போதும். நான் அதற்கு மேல் இன்னொரு தையல் வரி ஓட்டுவேன். "நூல் வேஸ்ட் லா அக்கா" என்று சூப்பர்வைசர் திட்டாத நாளே இல்லை.

போன மழையில் எங்கள் ஜார்ஜ்டவுன் சந்துக்குள் இடுப்பளவு வெள்ளம் புகுந்துவிட்டது. எனக்கு நீச்சல் தெரியாது. மீட்க வந்த பொம்பா தீயணைப்புப் படை வீரர் ஒரு தமிழ்த் தம்பி. முதுகைக் காட்டி, "அக்கா, பேக்கு மேல உள்ள கைப்பிடிய கெட்டியா புடிச்சிக்கிட்டு பின்னாலயே வாங்க" என்றார்.

பிடிக்கும்போதுதான் கவனித்தேன். சதுரம், பெருக்கல் குறி, மேலே ஒரு கூடுதல் வரி. எங்கள் தொழிற்சாலையில் வேறு யாரும் அதைப் போடுவதில்லை.

சந்து முனையில் வெள்ளம் இழுத்த இழுப்பில் என் கால் தரையை விட்டது. என் மொத்தக் கனமும் அந்தக் கைப்பிடியில்தான். ஒரு நூல்கூட விடவில்லை.

"பயப்படாதீங்க அக்கா, வெளிநாட்டு பேக்கு லா, பிஞ்சிடாது."

"பிறை பேக்கு தம்பி," என்றேன், வாயில் சேற்று நீரோடு. "நான் தெச்சது."

சூப்பர்வைசர் இன்றும் திட்டுகிறார். திட்டட்டும். அவர் முடிக்கும்வரை காத்திருந்து, அந்த வரியை ஓட்டுகிறேன்.