ஐம்பத்து மூன்று வௌவால்கள்

என் செபமாலையின் கயிற்றில், சிலுவைக்குப் பக்கத்தில், கொஞ்சம் சிவப்பு மண் ஒட்டியிருக்கிறது. எத்தனை தரம் கழுவியும் போகவில்லை. இது என்ன மண் என்று மகள் ஒருநாள் கேட்டாள். பாலைவனத்து மண் என்றேன். மிச்சத்தைச் சொல்ல வாய் வரவில்லை.

தொண்ணூறுகளில், நான் ஊரைவிட்டு வந்து குடியேறிய கோட்-டெ-நெய்ஜ் பகுதியில், தமிழ்நாட்டுப் பேராசிரியை ஒருவரின் கைக்குழந்தையை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். படிப்பிக்கிறவர் என்பதால் அவரை ரீச்சர் என்று கூப்பிடுவேன். அவர் என்னை அக்கா என்பார். அவருடைய ஆராய்ச்சி பூந்தேன் குடிக்கிற வௌவால்களைப் பற்றியது. ஒரு கோடையில் குழந்தையோடு என்னையும் அமெரிக்கப் பாலைவனத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே கற்றாழை பனை உயரத்துக்குத் தண்டு விட்டுப் பூத்திருந்தது. இருட்டினதும் வௌவால்கள் வரும். பூவுக்கு முன்னால் ஒரு கணம் அந்தரத்தில் நிற்கும், முகத்தை உள்ளே விடும், போய்விடும். ரீச்சரின் சிவப்பு விளக்கு வெளிச்சத்தில் அவற்றின் முகமெல்லாம் மகரந்தம் அப்பியிருக்கும். ஊரில் மாம்பழத்தைக் கடித்துப் போடுகிற சனியன்களைத்தான் நான் கண்டிருந்தேன். இவை வேறு மாதிரி, தேவதைகள் போல இருந்தன.

ஒருநாள் ரீச்சரின் உதவியாளருக்குக் காய்ச்சல். குழந்தை கூடாரத்தில் நித்திரை. "அக்கா, அந்த ஒரு செடியை மட்டும் பார்த்துக்கோங்க. ஒவ்வொண்ணு வரும்போதும் இதை ஒரு அமுக்கு அமுக்குங்க" என்று எண் ஏறுகிற சின்னப் பெட்டியொன்றைத் தந்தார். அது டிக், டிக் என்றது. வௌவால் பயந்துவிடுமே என்று அதை மடியில் வைத்துவிட்டு, செபமாலையை எடுத்து மணி தள்ளி எண்ணத் தொடங்கினேன். முதல் ஏழும் வௌவால்தான், அது நிச்சயம். பிறகு எங்கேயோ ஓநாய் மாதிரி ஒன்று ஊளையிட்டது. பயத்தில் உதடு தன்பாட்டில் "அருள் நிறைந்த மரியே" சொல்ல ஆரம்பித்துவிட்டது. விரலும் அதோடு போய்விட்டது. சிலுவை கையில் தட்டுப்பட்ட போதுதான் விளங்கியது, எது செபம், எது வௌவால் என்று எனக்கே தெரியாது.

"எத்தனை அக்கா?"

"ஐம்பத்து மூண்டு, ரீச்சர்."

"ஐம்பத்தி மூணா! ஒரே செடியிலயா? நேத்து ராத்திரி முழுக்க பக்கத்துச் செடிகிட்ட உட்கார்ந்து நான் பார்த்தது பதினொண்ணு! உங்களுக்கு இருக்கிறது கண்ணா, இல்ல வலையா?"

எங்கள் கத்தோலிக்க ஆட்களில் யாராவது கேட்டிருந்தால் உடனே பிடித்திருப்பார்கள், ஐம்பத்து மூன்று மணி என்றால் முழுச் செபமாலை. அவர் இந்து. சந்தோஷமாக எழுதிக்கொண்டார். ஐந்தாம் வகுப்போடு நின்ற என்னை நம்பிக் கொடுத்த வேலை அது. தெரியாது என்று சொல்ல வெட்கம் விடவில்லை.

அடுத்த வருஷம் அவர் தனியே போய்வந்தார். வந்த அன்றே சமையலறைக் கதிரையில் சோர்ந்து உட்கார்ந்தார். "அதே இடத்துல, புதுசா பூத்த செடிகிட்ட ஒன்பதுதான் அக்கா. என்னவோ ஆயிடுச்சு அதுங்களுக்கு." பிறகு வாரக்கணக்காக நித்திரையில்லை. மருந்து அடித்தார்களா, குகையை மூடினார்களா என்று ஊரெல்லாம் கடிதம் எழுதினார். சாகாத வௌவால்களுக்காக அந்த மனுஷி அழுததை நான் பார்த்தேன். தேநீரை முன்னால் வைத்தேன். உண்மையைச் சொல்லிவிட வாயெடுத்தேன். அதற்குள் அவர் என் கையைப் பிடித்து, "உங்க கண்ணு இல்லாமப் போனேன் பாருங்க, அதான் தப்பு. அடுத்த தடவை நீங்க வரணும்" என்றார். முழங்கால் நோகுது, ரீச்சர் என்றேன். அதுவும் பொய்.

பிறகு அவர் வேறு நகரத்துக்குப் போய்விட்டார். மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். சாமியார் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இதென்ன பெரிய பாவமே? ஒரு ஐம்பத்து மூண்டு மணி சொல்லுங்கோ" என்றார்.

அன்றிலிருந்து இன்றுவரை என்னால் அதை ஒழுங்காகச் சொல்லி முடிக்க முடியவில்லை. ஏழு மணி வரை சரியாகப் போகும். எட்டாவதில் விரல் நின்றுவிடும். இருட்டில் ஒரு பூ அசையும், ரீச்சர் எத்தனை என்று கேட்பார்.

எனக்குத் தெரியாது, ரீச்சர்.