கன்னியப்பண்ணன் நின்ற இடம்

பொன்னேரி ஸ்டேஷன் எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தேன். கடையில் இருந்த ஏழெட்டுப் பேரின் செல்போன்களும் ஒரே நேரத்தில் கத்தின. இடி மின்னலுடன் கனமழை வரும், திறந்தவெளியில் நிற்க வேண்டாம் என்று செய்தி. எட்டாவதோடு நின்றவன் நான். எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் மேற்கே இருட்டிவிட்டது. டீ மாஸ்டர் வெளியே எட்டிப் பார்த்து, "இத்த சொல்றதுக்கு ஒரு போனா? மேல பாத்தாலே தெரியுது" என்றார்.

எனக்கும் அதுதான் தோன்றியது. மின்னலில் செத்த ஒருவரை எனக்குத் தெரியும். அவர் தெரியாமல் போய் மாட்டிக்கொண்டவர் இல்லை. அன்றைக்கு மேகத்தை முதலில் பார்த்தவரே அவர்தான்.

முதல் தூறல் விழுந்ததும் ரோட்டில் மண்வாசனை கிளம்பியது. பழவேற்காடு ஏரியில் கோடை மழை பெய்தால் இந்த வாசனை வராது. உப்புச் சேறும் பாசியும் கலந்து, ஊறிப்போன கோணிப்பை மாதிரி ஒரு வாடை வரும். கேட்க நன்றாக இருக்காதுதான். ஆனால் ஏரிக்கரையில் இருக்கிற தோணிரேவு ஊரில் அந்த வாடைக்காக ஏங்குவார்கள். கோடையில் முகத்துவாரத்தை மணல் அடைத்து, ஏரி இடுப்பளவுக்கு வற்றிவிடும். வலையில் பாசிதான் ஏறும். ஒரு நல்ல மழை விழுந்தால் இறால் கிளம்பும். அதனால் அங்கே இடிச் சத்தம் கேட்டால் பயமும் சந்தோஷமும் சேர்ந்தே வரும்.

நான் அந்த ஊர்க்காரன் இல்லை. செங்கல் சூளை, லாரி, பரோட்டாக் கடை என்று சுற்றியவன். ஒரு வேலையில் ஒரு தீபாவளி பார்ப்பேன், இரண்டாவதைப் பார்த்ததில்லை. முப்பதை நெருங்கும்போது பஸ் ஸ்டாண்டில் சும்மா உட்கார்ந்திருந்த என்னைக் கன்னியப்பண்ணன் வலை இழுக்கக் கூட்டிக்கொண்டு போனார். அவர் தம்பி கும்மிடிப்பூண்டிக்குக் கம்பெனி வேலைக்குப் போய்விட்டிருந்தார். அண்ணன் மனைவி பாக்கியம் அண்ணி என்னை மேலும் கீழும் பார்த்து, "இன்னாயா இவன், தண்ணில எறக்குனா கரைஞ்சிடுவான் போலக்கீது" என்றார். கரையவில்லை. அங்கே மூன்று வருஷம் இருந்தேன். எனக்கு அது பெரிய கணக்கு.

ஏரியில் நினைத்த இடத்தில் வலை கட்டிவிட முடியாது. நல்ல இடங்களை ஊர் கூடி முறை வைத்துப் பிரித்திருப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். நம் முறை வரும் நாளில் மதியமே போய்க் கழி நட வேண்டும். சாயங்காலம் வலை கட்டும்வரை ஒரு ஆளாவது கழியோடு நிற்க வேண்டும். எல்லோரும் கரையேறிவிட்டால், அடுத்த முறைக்காரர் வந்து அந்த இடத்தை எடுத்துக்கொள்ளலாம். கேட்க முடியாது.

அந்த வைகாசியில் அண்ணனுக்கு இரண்டு பாடு போயிருந்தது. ஒன்று காய்ச்சலில் போனது. இன்னொன்றில் மழைக்குப் பயந்து கரைக்கு வந்தோம். "உன் எடத்த நான் தொடமாட்டேன்" என்று சொன்ன அடுத்த முறைக்காரர் ஏழுமலை, மழை விட்டதும் வலையோடு வந்து நின்றார். அவர் வீட்டிலும் உலை வைக்க வேண்டுமே. அண்ணன் வீட்டில் மகள், "நைனா, இன்னிக்காவது எறால் வருமா?" என்று கேட்க ஆரம்பித்திருந்தாள்.

மூன்றாவது பாடு வந்த அன்று கழி நட்டு முடிக்கவும் மேற்கே கருத்தது. அண்ணன்தான் காட்டினார்.

"பார்ரா, எம்மா பெருசா வருது. இன்னிக்கு எறாலுதான்."

ஏழுமலை பக்கத்தில் படகில் காத்திருந்தார். முதல் மின்னல் வெட்டியதும், "யோவ் கன்னீப்பா, கரைக்கு வாய்யா. தொடமாட்டேன்யா, சத்தியமா" என்று கத்தினார்.

"போன தபா இன்னா சொன்ன? அதே சத்தியந்தான?" என்று அண்ணன் சிரித்தார். ஏழுமலை படகைத் திருப்பிக்கொண்டு போனார்.

மழை கனத்து, எங்கள் படகில் தண்ணீர் ஏறியது. "நீ படக கரைல போட்டுட்டு வா. நான் நிக்கிறேன்" என்றார் அண்ணன். அவர் சொன்னதால்தான் போனேன் என்று பல வருஷம் எல்லோரிடமும் சொன்னேன். பயந்துதான் போனேன். அவர் சொல்லாவிட்டாலும் போயிருப்பேன்.

பாதி தூரம் வந்திருப்பேன். தண்ணீரெல்லாம் வெள்ளையாகிவிட்டது. கூடவே இடி விழுந்தது. திரும்பிப் பார்த்தால் அவர் கழியைக் கட்டிப்பிடித்தபடி நின்றுகொண்டுதான் இருந்தார். கூப்பிட்டேன். திரும்பவில்லை.

கரையிலிருந்து தண்ணீரில் முதலில் குதித்தவர் ஏழுமலை. அவரும் நானும்தான் தூக்கி வந்தோம். மழை விட்டிருந்தது. வழியெல்லாம் இறால் காலில் முட்டி முட்டித் துள்ளியது. ஏழுமலை, "அடிச்சித் தள்ளிக்கினு ஓடுது பார்ரா" என்று சொல்லி அழுதார். அதற்குப் பிறகு தன் முறை வந்தாலும் அந்த இடத்தில் அவர் கழி நட்டதில்லை. இப்போது அவரும் இல்லை.

நான் ஊரைவிட்டுப் போனாலும் வருஷா வருஷம் அந்த நாளுக்கு வந்துவிடுவேன். அண்ணி சொம்பில் பால் எடுத்துக்கொண்டு படகில் ஏறுவார். கலங்கரை விளக்கமும் ஒற்றைப் பனையும் ஒரே கோட்டில் வந்தால் அதுதான் அண்ணன் நின்ற இடம்; அங்கே நிறுத்தச் சொல்வேன். அண்ணி பாலை ஊற்றுவார்.

போன மாதம் போனபோது படகு தேவைப்படவில்லை. அந்தப் பக்கம் முழுக்க மணல் ஏறியிருந்தது. பனை புயலில் போய்விட்டது. இருவரும் செருப்போடு நடந்தோம். எங்கே பார்த்தாலும் ஒரே மாதிரி இருந்தது.

"இங்கதான தம்பி?"

"இங்கதான் அண்ணி" என்றேன்.

அண்ணி என் முகத்தைப் பார்த்தார். குனிந்து பாதிப் பாலை ஊற்றினார். மீதியைச் சிந்தாமல் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்ச தூரம் நடந்தார்.